சம்பந்தி ரஷ்யாவிலிருந்து வருகிறார்

போன மாதம் என் ரஷ்ய மருமகளைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதினேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. எல்லோரும் கேட்பது மருமகளைப் பற்றி அல்ல, அவளைப் பெற்றவர்களைப் பற்றி. அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே. கோலப்பொடி விஷயமாகக் கேட்டிருந்த வாசகி அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: என் மகன் ரஷ்யப் பெண்ணைக் கட்டி இரண்டு வருடம் ஆகிறது. கல்யாணத்துக்கு அவள் பெற்றோரால் வர முடியவில்லை. வரும் ஜனவரியில் மூன்று வாரத்துக்கு வருகிறார்கள். இதுவரை ரஷ்யாவைத் தாண்டியதே இல்லையாம். எங்களுக்கு ரஷ்ய மொழி தெரியாது, அவர்களுக்கு ஆங்கிலம் வராது. வீட்டை எப்படித் தயார்செய்வது, எங்கே கூட்டிப்போவது, என்ன சமைப்பது? நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: எனக்கும் கலக்கத்தான் செய்தது. மூன்று வருடம் முன்பு எங்கள் சம்பந்திகள் பெர்ம் என்ற ஊரிலிருந்து சென்னைக்கு வந்தார்கள். யூரல் மலைப் பக்கம், காமா ஆற்றங்கரையில் இருக்கிற தொழில் நகரம் அது. சோவியத் காலத்தில் வெளிநாட்டவர் கால்வைக்க முடியாத மூடிய ஊர். சம்பந்தி அங்கே ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். அவர் வீட்டுக்குள் வந்த முதல் வெளிநாட்டுக்காரன் என் மகன்தான். அப்படிப்பட்டவர் துபாயில் விமானம் மாறி, மனைவியைக் கையில் பிடித்துக்கொண்டு, மீனம்பாக்கத்தில் வந்து நின்றபோது அவர் முகத்தில் இருந்த களைப்பை நான் கோபம் என்று நினைத்துவிட்டேன்.

காகித வேலையை முதலில் முடித்துவிடுவோம். ரஷ்யர்களுக்கு இரண்டு பாஸ்போர்ட் உண்டு. உள்ளூரில் நம் ஆதார் மாதிரி எல்லாவற்றுக்கும் காட்டுவது ஒன்று. அதை 14 வயதிலேயே கொடுத்துவிடுகிறார்கள். வெளிநாடு போவதற்கு ‘ஸக்ரான்பாஸ்போர்ட்’ என்று தனியாக ஒன்று. விசாவுக்கு இரண்டாவதுதான் வேண்டும். ரஷ்யர்களுக்கு இ-விசா கிடைக்கும், திருச்சி விமான நிலையத்திலும் அது செல்லும். அரசு இணையதளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள். அதே முகத்தோடு தனியார் தளங்கள் நிறைய இருக்கின்றன. இன்னொன்று: கணவர் பெத்ரோவ் என்றால் மனைவி பெத்ரோவா. குடும்பப் பெயர் பெண்ணுக்கு ‘ஆ’வில் முடியும். எங்களுக்கு விண்ணப்பம் நிரப்பிய டிராவல்ஸ் பையன் அதை எழுத்துப்பிழை என்று முடிவுகட்டி அம்மாவையும் பெத்ரோவ் ஆக்கிவிட்டான். கட்டிய பணம் திரும்பி வராது. மறுபடி கட்டினோம்.

வெளிநாட்டவரை வீட்டில் தங்கவைத்தால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்கு ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும். சி ஃபார்ம் என்பது அதன் பழைய பெயர். ஓட்டலுக்கு மட்டும் இல்லை, வீட்டுக்கும் உண்டு, சம்பந்தியானாலும் உண்டு. அதற்கு முதலில் உங்கள் வீட்டு முகவரிக்கு ஒரு கணக்கு தொடங்க வேண்டும். அதை அவர்கள் வருவதற்கு முன்பே செய்து வையுங்கள். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது, ‘போலீசுக்குச் சொல்கிறோம் என்று நினைத்துக்கொள்வார்களோ’ என்று. சம்பந்தி தலையை ஆட்டிவிட்டு பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினார். அவர்கள் ஊரிலும் விருந்தாளியாக வரும் வெளிநாட்டவரை இப்படிப் பதிய வேண்டுமாம். என் மகன் போனபோது அவரே அலைந்து பதிந்திருக்கிறார்.

பண விஷயம். விசா, மாஸ்டர்கார்டு என்ற அட்டை நிறுவனங்கள் இரண்டும் 2022 மார்ச்சில் ரஷ்யாவில் கடையை மூடிவிட்டன. ரஷ்ய வங்கி கொடுத்த அந்த அட்டைகள் இங்கே ஏடிஎம்மில் போகாது. ரொக்கமாக டாலர்தான் கொண்டுவருவார்கள். அதை மாற்றிக் கொடுக்க உங்கள் பிள்ளையை முதல் நாளே கூட்டிப்போகச் சொல்லுங்கள். கையில் நம் பணம் இல்லாமல் மூன்று வாரம் பிறர் செலவில் உட்கார்ந்திருப்பது அந்த வயதில் பெரிய அவமானம். இரண்டாம் நாள் சம்பந்தி கடைத்தெருவில் சட்டைப்பையைத் தட்டித் தட்டிப் பார்த்ததை நான் பார்த்தேன். மறுநாள் காலையிலிருந்து காய்கறிப் பையை அவர் கையில் கொடுத்துவிட்டேன். காசும் அவர்தான் கொடுப்பார். என்ன, நான்கு பேர் இருக்கிற வீட்டுக்கு மூன்று கிலோ பீட்ரூட் வந்தது.

இனி வீடு. ‘குளிர் நாட்டுக்காரர்கள் ஆயிற்றே, வெந்துபோவார்கள்’ என்று அவர்கள் அறையில் புது ஏசி மாட்டி 18ல் வைத்திருந்தேன். காலையில் காபியோடு போய்க் கதவைத் தட்டினால், சம்பந்தியம்மா கழுத்தில் கம்பளித் துண்டு, காலில் கம்பளி உறை. வெளியே எத்தனை மைனஸ் இருந்தாலும் ரஷ்ய வீட்டுக்குள் மையச் சூடேற்றிக் குழாய்கள் கதகதவென்று ஓடுகின்றன. அவர்கள் வீட்டுக்குள் அரைக்கை சட்டையோடு இருப்பவர்கள். அவர்கள் பயப்படுவது குளிருக்கு அல்ல, உடம்பில் நேராக அடிக்கும் காற்றுக்கு. அதற்கு ‘ஸ்க்வஸ்ன்யாக்’ என்று ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். கழுத்துப்பிடிப்பு, காதுவலி, இடுப்புவலி எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம். கட்டிலுக்கு நேர் மேலே மின்விசிறி இருந்தால் கட்டிலை நகர்த்துங்கள். ஏசியை 26ல் வைத்து ரிமோட்டை அவர்களிடமே கொடுத்துவிடுங்கள். வெறும் தரையில் பெண்கள் உட்காருவதையும் அவர்கள் விரும்புவதில்லை. பந்திப்பாய் போட்டாலும் மேலே ஒரு மெத்தைத் திண்டு வையுங்கள், இல்லாவிட்டால் மேசையிலேயே இலை போடுங்கள். செருப்பைப் பற்றிக் கவலையே வேண்டாம். வாசலில் கழற்றுவதில் நம்மைவிடக் கறார். ஆனால் உள்ளே போட்டுக்கொள்ள விருந்தாளிக்கு வீட்டுச் செருப்பு கொடுப்பது அவர்கள் வழக்கம். இரண்டு ஜோடி வாங்கி வாசலில் வைத்தேன். அந்த ஒரு காரியத்துக்குத்தான் சம்பந்தியம்மா முதன்முதலாகச் சிரித்தார்.

சாப்பாட்டில் நான் மாட்டிக்கொண்டதைச் சொல்கிறேன். நமக்கு இலை காலியானால் இன்னும் போட வேண்டும். அவர்கள் தலைமுறைக்குத் தட்டில் மிச்சம் வைக்கக் கூடாது. நான் போடப் போட அவர்கள் சாப்பிட, அவர்கள் சாப்பிடச் சாப்பிட நான் போட, முதல் நாள் மத்தியானம் சம்பந்தி ஏழு இட்லி சாப்பிட்டுவிட்டு, வேர்த்து விறுவிறுத்துப்போய், மகளைப் பார்த்து ஏதோ முனகினார். மருமகள் என் காதில் சொன்னாள்: “அத்தை, அப்பா கேட்கிறார், இது எப்போது முடியும்?” அன்றைக்கே இலையை மடிக்கக் கற்றுக்கொடுத்தோம்.

மத்தியானத்தில் முதலில் ஒரு சூப் இல்லாவிட்டால் அவர்களுக்குச் சாப்பிட்ட மாதிரி இருக்காது. அதனால் ரசத்தைக் கடைசியில் கொண்டுவராமல் முதலில் கிண்ணத்தில் கொடுங்கள். மிளகு போகும், மிளகாய் வேண்டாம். தயிரும் மோரும் உடனே பிடித்துவிடும். அவர்களிடம் கெஃபிர் என்று புளித்த பால் உண்டு. ஆனால் தயிர்சாதம் அவர்களைத் திகைக்கவைக்கும். பாலும் சோறும் சேர்ந்தால் அங்கே காலைச் சாப்பாட்டுக்கான இனிப்புக் கஞ்சி, அதில் கடுகு எப்படி வந்தது என்று அம்மாள் கரண்டியால் கிளறிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பாயசத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. டீ பால் இல்லாமல், பெரிய கோப்பையில், ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை. அறையில் ஒரு கெட்டிலும் டீத்தூளும் வைத்துவிட்டால் உங்களுக்குப் பாதி வேலை மிச்சம். இந்தியத் தேயிலை அவர்களுக்குப் புதிதும் இல்லை. சோவியத் காலத்தில் யானைப் படம் போட்ட இந்தியத் தேயிலைப் பொட்டலம் கிடைத்தால் வீட்டில் கொண்டாட்டமாம். அம்மாள் அந்த யானையைத் தாளில் வரைந்து காட்டினார். நானும் சும்மா இருக்காமல், சின்ன வயதில் வாங்கிய மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்துத் தமிழ்ப் புத்தகம் ஒன்றைப் பரணிலிருந்து எடுத்துவந்தேன். உள்ளே ஒரு எழுத்தும் புரியாமல், கடைசிப் பக்கத்தில் அச்சாகியிருந்த ரஷ்ய வரிகளை மட்டும் சம்பந்தி வாய்விட்டுப் படித்தார்.

எங்கே கூட்டிப்போவது என்ற கேள்விக்கு என் பதில்: நீங்கள் நினைத்து வைத்திருப்பதில் பாதியை அடித்துவிடுங்கள். நான் 21 நாளுக்கு 11 ஊர் போட்டு, அதைத் தட்டச்சு செய்து சுவரில் வேறு ஒட்டியிருந்தேன். மாமல்லபுரத்தில் காலை 11 மணி வெயிலில் ஐந்து ரதத்தையும் காட்டினேன். மாலைக்குள் இரண்டு பேரின் மூக்கும் தோளும் தக்காளி. அடுத்த மூன்று நாள் வீடுதான். அந்த மூன்று நாள்தான் நன்றாகவும் இருந்தது.

ஏனென்றால் அப்போதுதான் சம்பந்தி எங்கள் கொல்லைக் கதவைப் பார்த்தார். நாலு வருடமாகத் தரையில் உரசிக்கொண்டிருந்த கதவு. கீலைக் கழற்றி, இரண்டு வாஷர் போட்டு, எண்ணெய் விட்டு அரை மணி நேரத்தில் நிமிர்த்திவிட்டார். ‘விருந்தாளியைப் போய் வேலைவாங்குவதா’ என்று என் கணவர் பதறினார். பதறாதீர்கள். அந்த வயது ரஷ்ய ஆண்கள் கையில் கருவி இல்லாமல் மூன்று நாளைக்கு மேல் தாங்கமாட்டார்கள். சம்பந்தியம்மா அடுப்படிக்கு வந்தார். அங்கே மெலிசான அப்பம் மாதிரி ‘ப்ளின்’ வார்ப்பார்கள், அதனால் தோசை அவருக்கு விளையாட்டு என்று நினைத்துக் கரண்டியைக் கொடுத்தேன். முதல் தோசை கல்லோடு ஒட்டிக்கொண்டு கந்தலாக வந்தது. அம்மாள் என்னவோ சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். முதல் ப்ளின் எப்போதும் உருண்டைதான் என்று அங்கே ஒரு பழமொழியாம். நம் வீட்டில் முதல் தோசையை யார் சாப்பிடுவது என்று நடக்கும் சண்டையை நான் சொல்ல, அன்றைக்கு மருமகள் மொழிபெயர்த்தே ஓய்ந்துபோனாள்.

உங்கள் ஊர் என்பதால் கோவில் பற்றி ஒரு வார்த்தை. ஸ்ரீரங்கத்தில் பிற மதத்தவர் பெருமாள் சன்னதிவரை போக முடியாது. பல பெரிய கோவில்களில் கொடிமரத்தோடு சரி. இதை வீட்டிலேயே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். நாங்கள் சொல்லாமல் போனோம். ஒரு கோவிலில் புடவை கட்டியிருந்த மகள் உள்ளே போய்விட்டாள், அவளைப் பெற்றவர்களை மட்டும் வாசலில் கைநீட்டித் தடுத்தார்கள். சம்பந்தியம்மா தேவாலயத்துக்குப் போவதுபோலவே தலையில் துணி கட்டிக்கொண்டு வந்திருந்தார். அதை அவிழ்ப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. உங்களுக்குத் தஞ்சாவூர் பக்கம். பெரிய கோவிலில் இந்தத் தொல்லை இல்லை. கல்லணையில் ஒரு சாயங்காலம் சும்மா உட்காரவையுங்கள்.

மொழிக்குப் பயப்படாதீர்கள். கைபேசியில் மொழிபெயர்ப்புச் செயலியை முன்பே இறக்கிக்கொள்ளுங்கள், சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள். எங்கள் வீட்டு ஆண்களுக்கு அதுவும் தேவைப்படவில்லை. ரஷ்யாவில் ‘துராக்’ என்று ஒரு சீட்டாட்டம், 36 சீட்டு, முட்டாள் என்று அர்த்தம். ஜெயித்தவர் யார் என்ற பேச்சே இல்லை, கடைசியில் கையில் சீட்டோடு நிற்பவர் முட்டாள். நம் கழுதை ஆட்டத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. மொட்டைமாடியில் தினமும் பத்து மணிவரை “துராக்!” “கழுதை!” என்று இரண்டு சம்பந்திகளும் கத்திக்கொண்டிருந்தார்கள்.

கூப்பிடும் முறையை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். மரியாதைக்கு அவர்கள் ‘மிஸ்டர்’ போடுவதில்லை. பெயரோடு அப்பா பெயரைச் சேர்ப்பார்கள். இவான் மகன் செர்கேய் என்றால் செர்கேய் இவானவிச், இவான் மகள் ஓல்கா என்றால் ஓல்கா இவானவ்னா. நாம் முன்னால் போடும் இனிஷியலை அவர்கள் பின்னால் முழுசாகச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். நீ, நீங்கள் வித்தியாசமும் நம்மைப் போலவே. இதையெல்லாம்விட எனக்குப் பிடித்தது வேறு. ஆங்கிலக்காரருக்குச் சம்பந்தி என்று சொல்ல ஒரு சொல் கிடையாது. ரஷ்ய மொழியில் இருக்கிறது: சம்பந்தி ‘ஸ்வாத்’, சம்பந்தியம்மா ‘ஸ்வாத்யா’. கொழுந்தனுக்கு ஒன்று, நாத்தனாருக்கு ஒன்று, மனைவியின் தம்பிக்கு ஒன்று என்று எல்லாவற்றுக்கும் தனித்தனிச் சொல். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அங்கேயும் எது யார் என்று குழப்பமாம். நீங்கள் விமான நிலையத்தில் “ஸ்வாத்யா” என்று கைநீட்டிப் பாருங்கள், அப்புறம் என்ன நடக்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.

ஜனவரி என்கிறீர்கள். பழைய நாள்காட்டிப்படி அவர்களுக்கு ஜனவரி 7 கிறிஸ்துமஸ், 13ஆம் தேதி இரவு ‘பழைய புத்தாண்டு’. அப்புறம் நம் பொங்கல். இந்த வரிசையைக் கெடுத்து வெளியூர் கூட்டிப்போய்விடாதீர்கள். ‘இன்னும் ஒரு மாதம் இருந்துவிட்டுப் போங்கள்’ என்று வற்புறுத்தவும் வேண்டாம். ஊருக்கு வெளியே ‘தாச்சா’ என்று தோட்டவீடு இருந்தால், பிப்ரவரி கடைசியிலிருந்து ஜன்னலோரத்தில் குடைமிளகாய், தக்காளி நாற்று போட்டாக வேண்டும். அதற்கு முன்னால் சம்பந்தி உறவெல்லாம் இரண்டாம்பட்சம்.

கேள்வி: நாங்கள் சைவம், வீட்டில் முட்டைகூட வராது. ரஷ்யச் சம்பந்தி வீட்டார் பத்து நாள் எப்படிச் சமாளிப்பார்கள்?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: ‘வெஜிடேரியன்’ என்று விளக்க ஆரம்பித்தால் உடம்புக்கு என்ன என்று கேட்பார்கள். ‘போஸ்த்’ என்று சொல்லச் சொல்லுங்கள். அது அவர்கள் மதத்து விரதம். ஈஸ்டருக்கு முன்னால் ஏழு வாரம் நடக்கும் பெரிய விரதத்தில் கறி, முட்டை மட்டுமல்ல, பாலும் கிடையாது. எல்லோரும் இருப்பதில்லை, ஆனால் எல்லோருக்கும் அந்தச் சமையல் தெரியும். எனவே பாலும் நெய்யும் ஓடும் உங்கள் வீடு அவர்கள் கணக்கில் பாதி விரதம்தான். உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், பீட்ரூட், காளான், கேரட் எல்லாம் அவர்கள் வீட்டுக் காய்கள். கறிவேப்பிலையைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கலாம் என்பதை மட்டும் சொல்லிவையுங்கள். என் சம்பந்தி ஒரு வாரம் மென்று தின்றிருக்கிறார். வாரம் இருமுறை உங்கள் பிள்ளை அவர்களை வெளியே கூட்டிப்போய் வேண்டியதை வாங்கித் தரட்டும். எங்கே போனீர்கள் என்று திரும்பி வந்ததும் விசாரிக்காதீர்கள்.

கேள்வி: சம்பந்தி பாட்டிலோடு வருவார் என்று மருமகள் சொல்கிறாள். எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை. மறுத்தால் கோபித்துக்கொள்வாரா?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: இரண்டு லிட்டர்வரை தீர்வையில்லாமல் கொண்டுவர முடியும், எனவே வரலாம். குடிக்காத ரஷ்யர்களும் நிறைய உண்டு என்பதையும் மனதில் வையுங்கள். உங்கள் வீட்டு முறையை மருமகள் முன்கூட்டியே அப்பாவிடம் சொல்வதுதான் நல்லது, நீங்கள் வாசலில் சொல்வதல்ல. கிளாஸில் இருப்பது மாதுளைச் சாறாக இருந்தாலும் பரவாயில்லை, ஆனால் அதைத் தூக்கிப்பிடித்துப் பேச வேண்டும். அதில் தப்ப முடியாது. சம்பந்தி எழுந்து, பெண்ணைப் பற்றி, உங்களைப் பற்றி, பேரப்பிள்ளைகள் பற்றி ஐந்து நிமிடம் பேசுவார். முடித்ததும் எல்லோரும் உங்களைப் பார்ப்பார்கள். சொந்தக் கல்யாணத்திலேயே நாலு வார்த்தை பேசாத என் கணவர் மோர் டம்ளரோடு எழுந்து நின்று, “எல்லோரும் நல்லா இருக்கணும்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மருமகள் அதை மூன்று நிமிடம் மொழிபெயர்த்தாள். என்ன சொன்னாள் என்று இன்றுவரை தெரியவில்லை. இறந்தவரை நினைத்துக் குடிக்கும்போது மட்டும் டம்ளரை இடிக்காதீர்கள்.

கேள்வி: வந்து நாலு நாள் ஆகிறது, சம்பந்தியம்மா சிரிக்கவே மாட்டேன் என்கிறார். அக்கம்பக்கத்தினர் வேறு, மோதிரம் வலது கையில் இருப்பதைப் பார்த்து ஏதேதோ பேசுகிறார்கள்.
– ஒரு வாசகி, கோவை

பதில்: மோதிரம் வலது கையில் இருந்தால் சுமங்கலி என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவிடுங்கள். அவர்கள் முறை அப்படி. இடது கைக்கு மாறினால்தான் துக்கம். சிரிப்பு விஷயம்: தெரியாதவரைப் பார்த்துக் காரணமில்லாமல் சிரிப்பது அங்கே அசட்டுத்தனம். உங்களுக்காக ஒரு சிரிப்பு வந்தால் அது அசல். நீங்களும் ஒன்றைக் கவனியுங்கள். ‘சரி’ என்பதற்கு நாம் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுகிறோமே, அது அவர்களுக்கு ‘இல்லை’. நாலு நாளாக அந்த அம்மாள் என்ன கேட்டாலும் நீங்கள் ‘இல்லை, இல்லை’ என்று ஆட்டிக்கொண்டிருக்கலாம்.

கேள்வி: ரஷ்யச் சம்பந்திகள் அடுத்த வாரம் ஊருக்குக் கிளம்புகிறார்கள். என்ன கொடுத்தனுப்புவது, வழியனுப்ப ஏதாவது முறை உண்டா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: பூ கொடுத்தால் எண்ணிக் கொடுங்கள், ஒற்றைப்படையாக. இரட்டைப்படை இறந்த வீட்டுக்கு. மொய்யில் 101 வைக்கிற நமக்கு இதைச் சொல்லவே வேண்டாம். கத்தி, அரிவாள்மனை வேண்டாம். தேயிலை, முந்திரி, நல்ல பருத்தி மேசைவிரிப்பு போதும். என் சம்பந்தியம்மா ஒரு தோசைக்கல்லைக் கேட்டு வாங்கிப் பெட்டிக்குள் கம்பளி உறைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டார்.

கிளம்பும்போது பெட்டியெல்லாம் வாசலுக்கு வந்த பிறகு, திடீரென்று இருவரும் உட்கார்ந்துவிடுவார்கள். நாற்காலி இல்லாவிட்டால் பெட்டிமேலேயே. உங்களையும் உட்காரச் சொல்வார்கள். யாரும் பேசக்கூடாது. பயணத்துக்கு முன் வீட்டில் அப்படி ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டுத்தான் எழுவார்கள். எங்கள் கூடத்தில் ஆறு பேர் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தோம், வெளியே டாக்சிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். நீங்கள் வண்டியைப் பத்து நிமிடம் தாமதமாக வரச் சொல்லிவிடுங்கள்.